ஓதாதீங்க, கதையுங்க

போன மாதம் எங்கள் பழைய பிரிவில் வேலை செய்யும் பிள்ளையொன்று வீட்டுக்கு வந்தாள். நெஞ்சு வருத்தக்காரருக்கான உடற்பயிற்சி பற்றிப் பெரிய தாளில் அச்சடித்து ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டப் போகிறார்களாம். நான் ஒருமுறை பார்த்துப் பிழை திருத்தித் தர வேண்டுமாம். பென்சன் எடுத்தவளுக்கு வேலையில்லை என்று எல்லாருக்கும் ஒரு நினைப்பு. பார்த்தேன். படங்கள் வடிவாகத்தான் இருந்தன. நடுவில் கொட்டை எழுத்தில் ஒரு வரி: "நடக்கும்போது கதைக்க முடிந்தால் உங்கள் வேகம் சரி." நான் பேனையை எடுத்து அதன் கீழே "ஆனால் ஓதக்கூடாது" என்று எழுதிக் கொடுத்தேன்.

பிள்ளை முழித்தாள். "என்ன மிஸ் இது? ஓதப்படாதெண்டு சுவரில ஒட்டினா ஊர் சும்மா இரிக்குமா? என்னைப் பிச்சுத் தின்னுடுவாங்க!"

"காரணம் இரிக்கிடி."

"அப்ப அந்தக் காரணத்தையும் எழுதித் தாங்க."

சரி, எழுதுகிறேன். இது சுவரில் கொள்ளாது என்று எனக்குத் தெரியும். வாசிக்கிறவர்கள் வாசிக்கட்டும்.

நான் இந்த வேலைக்கு வந்த கதை பெரிதாக ஒன்றுமில்லை. கொழும்பில் படித்தேன். பாதி சிங்களம், பாதி இங்கிலீசு. விளங்காததை மற்றவர்கள் செய்வதைப் பார்த்து விளங்கிக்கொண்டேன். ஊருக்குத் திரும்பினால், "ஆக்கள்ர கையைக் காலைப் புடிச்சு உருவுறதுக்கா இம்புட்டுத் தூரம் போய்ப் படிச்ச?" என்று என் சாச்சி ஒரு கிழமை முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பிறகு அவவுக்கு முழங்கால் நொந்தபோது முதல் ஆளாக வந்து என் கதிரையில்தான் இருந்தா. பிசியோதெரபி என்ற சொல் வாயில் வராதவர்களுக்கு நான் "எக்சசைஸ் மிஸ்". ஆரம்ப வருடங்களில் எனக்குக் கிடைத்ததெல்லாம் பாரிசவாதமும், உழவு இயந்திரத்தில் விழுந்த முறிவும், தென்னையால் விழுந்து போன இடுப்பு நாரியும்தான். நெஞ்சு என்றால் சளி தட்டுவது மட்டுமே எங்களுக்குத் தெரியும். கையைக் குவித்து முதுகில் தட்டுவோம், சளி வரும், வேலை முடிந்தது.

அதை மாற்றியவர் சிவபாக்கியம் மிஸ். காரைதீவு ஆள். எங்கள் பிரிவுக்குப் பொறுப்பாக மாற்றலாகி வந்தார். ஆள் கட்டை, குரல் பெரிது. கோபம் வந்தால் மட்டும் அந்தக் குரல் இறங்கிவிடும், அதற்குத்தான் நாங்கள் பயப்படுவோம். மணிக்கூட்டை உள்ளங்கைப் பக்கம் திருப்பிக் கட்டியிருப்பார். நாடி பிடித்தபடியே நேரம் பார்க்க அதுதான் வசதி. வருத்தக்காரருக்கு நல்ல கதிரை கொடுத்துவிட்டுத் தான் ஒரு கட்டை ஸ்டூலில் இருப்பார். "மேல நிண்டு கேட்டா வருத்தக்காரர் எங்களுக்குப் பிடிச்ச பதிலைத்தான் சொல்லுவாங்க. கீழ இருந்து கேளு, உண்மை வரும்" என்பார்.

கூட வந்தவர் பதில் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. எங்கள் ஊரில் மருமகளைக் கேட்டால் மாமி பதில் சொல்லுவா, மாமியைக் கேட்டால் மகன் பதில் சொல்லுவான். மிஸ் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பாமலே ஒரு கையை நீட்டித் தடுப்பார். "பயப்படாதீங்க" என்று அவர் ஒருவருக்கும் சொல்லி நான் கேட்டதில்லை. "பயம் வந்தா வந்தவுடன எனக்குச் சொல்லுங்க" என்றுதான் சொல்லுவார்.

வந்த முதல் கிழமையே என்னைப் பிடித்துக்கொண்டார். அரிசி ஆலையில் மூட்டை சுமந்த ஒருவரைக் கதிரையிலிருந்து எழும்பப் பழக்கிக்கொண்டிருந்தேன். "மூச்சை நல்லா இழுத்துப் புடிச்சிட்டு எழும்புங்க" என்று சொன்னேன். எனக்குப் பின்னால் இறங்கிய குரலில் ஒரு கேள்வி வந்தது.

"பிடிக்கச் சொன்னது ஆரு?"

"நான்தான் மிஸ்."

"மூச்சென்ன கள்ளனா, பிடிச்சு வைக்க? விடச் சொல்லு."

பிறகு தனியே கூப்பிட்டு விளங்கப்படுத்தினார். நம்முடைய சனம் பாரம் தூக்கினாலும் மூச்சைப் பிடிக்கும், குனிந்தாலும் பிடிக்கும், படியேறினாலும் பிடிக்கும். பிடித்தால் நெஞ்சுக்குள் அமுக்கம் கூடும், இதயத்துக்குத் திரும்ப வேண்டிய இரத்தம் தடைப்படும். நல்ல உடம்பு அதைத் தாங்கும், வருத்தமான உடம்பு தாங்காது. ஆகவே எழும்பும்போது ஊதிக்கொண்டு எழும்ப வேண்டும். இவ்வளவுதான். இந்த ஒன்றை வைத்துக்கொண்டே நான் பென்சன் வரைக்கும் வேலை செய்தேன் என்று சொன்னாலும் பொய்யில்லை.

இனி வருத்தத்தைச் சொல்ல வேண்டும். இதயத்தின் வலப்பக்கத்திலிருந்து நுரையீரலுக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் சிலருக்கு இறுகி ஒடுங்கிவிடும். வாய்க்கால் தூர்ந்தால் தண்ணீர்ப் பம்பு திணறும் அல்லவா, அப்படி அந்தப் பக்கத்து இதயம் தள்ளித் தள்ளிக் களைத்துப்போகும். நுரையீரல் நாடியில் உயர் அழுத்தம் என்று பெயர். "பிரசரா? நேத்துத்தானே பாத்தன், எனக்குப் பிரசரே இல்லியே" என்பார்கள். கையில் பட்டி சுற்றிப் பார்க்கிற பிரசர் வேறு, இது வேறு. கொஞ்சம் நடந்தால் மூச்சு வாங்கும், தலை சுற்றும், சிலர் மயங்கி விழுவார்கள். ஊரில் மூச்சு சம்பந்தமான எல்லாவற்றுக்கும் "முட்டு" என்ற ஒரே பெயர்தான். ஆகவே பலர் வருடக்கணக்காக முட்டுக்கு மருந்து இழுத்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் எங்களிடம் வருவார்கள்.

முன்பு இவர்களுக்கு எல்லாரும் சொன்னது, அசையாமல் படுத்திருங்கள் என்பதுதான். மருந்து சரியாகப் பிடித்து நிலைமை ஆடாமல் நிற்கிறவர்களுக்கு, பக்கத்தில் ஆள் நின்று மெல்ல மெல்ல உடற்பயிற்சி கொடுக்கலாம் என்ற பேச்சுப் பிறகுதான் வந்தது. சிவபாக்கியம் மிஸ் அதைத் தேடி வாசித்தார், தெரிந்தவர்களையெல்லாம் கேட்டார், கடைசியில் எங்கள் பெரிய டொக்டருக்கு முன்னால் போய் நின்றார்.

"படுத்தே கிடந்தா காலும் சோர்ந்து போயிரும் சேர். பிறகு கக்கூசுக்குப் போய் வாறதே அவங்களுக்கு மலையேறுற மாதிரி."

டொக்டர் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். "ஒரு ஆள் மயங்கி விழுந்தாலும் அன்றைக்கே இதை நிறுத்திப்போடுவேன், மிஸ்." மிஸ் தலையாட்டிவிட்டு வந்தார்.

அப்படித் தொடங்கிய கொஞ்சக் காலத்தில்தான் நஸீஹா ஆலிமா வந்தார். மார்க்கம் படித்து, சம்மாந்துறையில் தன் வீட்டு மண்டபத்திலேயே பொம்பிளைப் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுக்கிறவர். முப்பதைக் கொஞ்சம் தாண்டிய வயது. சின்ன வயதில் ஓதல் போட்டிகளில் அவருக்கு முன்னால் யாரும் நிற்க முடியாதாம். குரல் மட்டுமில்லை, மூச்சு. நீளமான ஆயத்தை, அதாவது ஒரு முழு வசனத்தை, நடுவில் நில்லாமல் ஒரே மூச்சில் ஓதி முடிப்பாராம். "அந்தப் புள்ளட மூச்சைப் பாத்தியா!" என்று ஊரே சொல்லும். அந்தப் பிள்ளைக்குத்தான் இந்த வருத்தம் வந்தது. முட்டு என்று நினைத்துக்கொண்டே இருந்து, ஒருநாள் ஓதிக்கொடுத்த இடத்திலேயே மயங்கி விழுந்து, பிறகு கொழும்பு வரை போய்த்தான் இன்ன வருத்தம் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். அங்கே மருந்து கொடுத்து, ஓதிக்கொடுப்பதை விட்டுவிடச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

கூட வந்தவர் அவருடைய கணவர் ஜௌபர். அரிசி ஆலையில் இயந்திரம் பார்க்கிறவர். வந்ததுமே தொடங்கினார். "அவவுக்குக் கதைக்கவே ஏலா மிஸ், ராவில சரியா நித்திரையுமில்ல..."

மிஸ்ஸின் கை நீண்டது. ஜௌபர் வாயை மூடினார்.

"நீங்க சொல்லுங்க மகள். என்ன வேணும் உங்களுக்கு?"

ஆலிமா கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்தார். "ஒண்டுதான் மிஸ் கேக்கணும். எனக்குத் திருப்பி ஓதிக்குடுக்க ஏலுமா? புள்ளைகள் கடப்படியில வந்து எட்டிப் பாத்திட்டுப் போகுதுகள். மருந்து தாங்க, ஊசி போடுங்க, என்னண்டாலும் செய்யிறன். ஓதாம நான் என்னத்துக்கு இரிக்கிற?"

நானாக இருந்தால் "இன்ஷா அல்லாஹ் ஏலும்" என்று சொல்லியிருப்பேன். மிஸ் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு, "தெரியாது மகள். செஞ்சு பார்ப்பம்" என்றார். எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர்கள் போன பிறகு கேட்டேவிட்டேன்: "ஒரு ஆறுதல் வார்த்தை சொன்னாக் குறைஞ்சா போயிருவீங்க மிஸ்?"

"ஏலும் எண்டு நான் சொல்லி, பிறகு ஏலாமப் போனா அவ ஆரை நம்புறது?" என்று கேட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

எங்கள் நடைப் பயிற்சி வாட்டுக்கு வெளியே உள்ள நீளமான நடைபாதையில்தான் நடக்கும். விரலில் வெளிச்சம் பாய்ச்சி ஒட்சிசன் பார்க்கும் சின்ன மெசினைக் கொளுவிக்கொண்டு, நாங்கள் பக்கத்தில் நடப்போம். ஆலிமா முதன்முதல் நடக்க வந்த அன்று மெசின் வேலை செய்யவில்லை. என்னவென்று பார்த்தால், அந்தக் கிழமைதான் தங்கையின் கலியாணமாம். விரல் நுனியெல்லாம் கரு கருவென்று மருதோண்டி. பத்து விரலிலும் மாற்றி மாற்றிக் கொளுவிப் பார்த்தேன், இலக்கம் நிற்கவில்லை. கால் விரலில் பார்க்கலாம் என்று செருப்பைக் கழற்றச் சொன்னால் அங்கேயும் மருதோண்டி! கலியாண வீட்டுக்காரர் ஒரு இடம் மிச்சம் வைக்கவில்லை.

"மெசின் இல்லாட்டி வாய் இருக்கு" என்றார் மிஸ். "கதைச்சுக்கொண்டு மெதுவா நடக்கட்டும். நீ பக்கத்தில நட, நான் பின்னால வாறன்."

இதுதான் அந்தச் சுவர்த் தாளில் உள்ள விதி. மூச்சு வாங்குகிற ஆளுக்குத் தொடர்ந்து கதைக்க முடியாது. சொல் முறியத் தொடங்கினால் நாங்கள் நிறுத்துவோம். நான் ஆலிமாவிடம், "வாய் மூடாம ஏதாவது சொல்லிட்டு நடங்க" என்றேன்.

"என்னத்தைச் சொல்ற?"

"வாயில வாறதைச் சொல்லுங்க."

அவருடைய வாயில் வருவது வேறென்ன? ஓதத் தொடங்கினார்.

யா அல்லாஹ், அந்தக் குரல்! நடைபாதையில் நின்றவர்கள் நின்றபடியே நின்றார்கள். தேத்தண்ணி கொண்டு போனவர் போகாமல் நின்றார். ஒரு இடறல் இல்லை, ஒரு திணறல் இல்லை. நீளமான ஆயத்துக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டேயிருந்தன. எனக்கு மேலெல்லாம் புல்லரித்தது. கதைக்கிறதென்ன, இந்தப் பிள்ளைக்கு ஓதவே முடிகிறதே என்று மனதுக்குள் மாஷா அல்லாஹ் சொல்லிக்கொண்டேன். மூச்சுக்குக் கஷ்டப்படுகிறவரின் கழுத்துத் தசை இழுபடும், அதைப் பார்த்தும் கண்டுபிடிக்கலாம். ஆனால் எங்கள் ஊரில் பெண்களின் கழுத்து முக்காட்டுக்குள் அல்லவா இருக்கிறது.

பின்னாலிருந்து இறங்கிய குரல் கேட்டது. "நிப்பாட்டு."

"ஏன் மிஸ், வடிவா ஓதுறாவே..."

"கதிரையைக் கொண்டா எண்டு சொன்னன்!"

நான் திரும்புவதற்குள் ஆலிமாவின் உடம்பு ஒரு பக்கம் சரிந்தது. மிஸ் இரண்டு கைகளாலும் தாங்கி அவரைத் தரையில் இருத்திச் சுவரோடு சாய்த்தார். உதடு சாம்பல் நிறம். ஒட்சிசன் வந்தது, வாட்டு டொக்டர் வந்தார். கொஞ்ச நேரத்தில் ஆலிமா கண்ணை உயர்த்தி, "ஆயத்து முடியல்ல" என்றார்.

இந்த இடத்தில் "நான் விட்ட பிழை" என்று நாலு வரி எழுதினால் வாசிக்கிறவர்களுக்கு உருக்கமாக இருக்கும். எழுதமாட்டேன். விதிப்படிதான் நடந்தேன். அந்த விதியை ஆக்கியவர்கள் எங்கள் ஊர் ஆலிமாக்களைக் கண்டதில்லை, அவ்வளவுதான்.

மிஸ் எப்படிக் கண்டுபிடித்தார் என்று பிறகு கேட்டேன். "அரபி எனக்கு விளங்காது. ஆனா காது இருக்கே" என்றார். "மூச்சு வாங்கிற ஆள் கதைச்சா சொல்லு கண்ட கண்ட இடத்தில முறியும். இவட சொல்லு ஒரு இடத்திலயும் முறியல்ல. வசனம் முடியிற இடத்தில மட்டும்தான் மூச்சு எடுத்தா. இஞ்ச உடம்பு கேக்கிற மூச்சு வேற, அவ எடுக்கிற மூச்சு வேற. அது கதையில்ல ஹாஜறா, பழக்கம்."

பெரிய டொக்டர் மிஸ்ஸைக் கூப்பிட்டார். நானும் போய்க் கதவடியில் நின்றேன். "விழுந்தாவா?" என்று கேட்டார். "விழல்ல சேர், இருத்தினம். ஆனா நான் பின்னால நிக்காட்டி விழுந்திருப்பா" என்று உள்ளதை உள்ளபடி சொன்னார் மிஸ். ஏன் அப்படி நடந்தது என்பதையும் சொன்னார். டொக்டர், "மருதோண்டி போகும் வரைக்கும் நடக்க விடாதீங்க. பிறகு தொடங்குங்க" என்றார்.

அடுத்த முறை ஆலிமா வந்தபோது மிஸ் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார். "ஏன் மகள் சொல்லல்ல, மூச்சு ஏலாதெண்டு?"

"மூச்சுக்காக நடுவில நிக்கிறது பழகாத புள்ளைகள்ர வேலை மிஸ். அத்தினை பேர் கேட்டுக்கிட்டு நிக்கக்குள்ள எப்பிடி நிப்பாட்டுற?"

"இனி நடக்கக்குள்ள ஓதாதீங்க. கதையுங்க."

கதைக்கச் சொன்னால் இவருக்குக் கதைக்க ஒன்றுமில்லை! மிஸ் எடுத்துக் கொடுத்துப் பார்த்தார். பக்கத்து வீட்டைப் பற்றிச் சொல்லுங்க. "புறம் பேசிறது ஹறாம் மிஸ்." கலியாண வீட்டில் நடந்ததைச் சொல்லுங்க. "அதுவும் புறத்தில போய் முடியும் மிஸ்." கடைசியில் நான் கேட்டேன்: "இப்ப வீட்டில ஆர் சோறு ஆக்கிற?"

"அவர்தான் ஆக்கிற." முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது. "ஆனா அதைப் பத்தி அவர் இல்லாத இடத்தில சொன்னா..."

"ஜௌபரைக் கூப்பிடு" என்றார் மிஸ்.

அன்றிலிருந்து ஜௌபரும் கூட நடந்தார். முகத்துக்கு நேரே சொன்னால் புறமில்லையே. ஆலிமா ஒரு அடி வைத்து ஒரு சொல்லாகச் சொல்லிக்கொண்டு போவார். "நேத்து ஆக்கின மீனாணம்... உப்பு... அல்லாவே... கடல் தண்ணி... அதுக்குள்ள புளி..." சொல் முறிந்ததும் மிஸ் கையை உயர்த்துவார். நிற்போம். தேத்தண்ணி ஆற்றுவது போல உதட்டைக் குவித்து மெல்ல ஊதச் சொல்லுவோம்.

"இதையெல்லாம் கேட்டுக்கிட்டே நடக்கணுமா மிஸ்?" என்று ஜௌபர் கேட்டார்.

"மருந்து தம்பி. கசக்கத்தான் செய்யும்."

இப்படித்தான் பயிற்சி போனது. கொஞ்சம் நடை, ஓய்வு, திரும்பக் கொஞ்சம் நடை. கதிரையிலிருந்து ஊதிக்கொண்டு எழும்புதல், மெல்ல இருத்தல். தலைக்கு மேல் கையை உயர்த்தி உடுப்புக் காயப்போடக்கூடாது. வாளி தூக்கக்கூடாது. எல்லாவற்றையும் ஆலிமா சொன்னபடி செய்தார். ஒன்றுதான் அவருக்கு வரவில்லை. களைத்த பிறகு நிற்பது பயனில்லை, களைப்பதற்கு முந்தியே நிற்க வேண்டும் என்பது. நிற்கச் சொன்ன இடத்தைத் தாண்டி இன்னும் நாலு அடி போட்டுவிட்டுத்தான் நிற்பார். மிஸ்ஸுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏன்கா இப்பிடி? நிக்கிறதுக்கு வெக்கமா?"

ஆலிமா தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, "ஓதலிலயும் நிக்கிற சட்டம் இரிக்கி மிஸ்" என்றார். "நிப்பாட்டுற இடத்துக்கு அடையாளம் போட்டிருக்கும். மீம் எண்ட அரபி எழுத்துப் போட்டிருந்தா அதில கட்டாயம் நிக்கணும். மூச்சு முடிஞ்சா நடுவிலயும் நிக்கலாம். பிறகு ரெண்டு சொல்லு பின்னுக்குப் போய், கருத்துக் கெடாமத் தொடங்கணும். அது ஏலாத ஆக்களுக்கு உள்ள சலுகை. நாங்க அப்பிடி நிக்கிறல்ல."

மிஸ் ஸ்டூலை இன்னும் கிட்ட இழுத்தார். "அப்ப உங்கட சட்டமே நிக்கலாம் எண்டு சொல்லுது. நீங்கதான் ஏலாத ஆள் எண்டு ஒத்துக்கொள்றயில்ல."

ஆலிமாவின் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான். இவ்வளவு கடுமையாகச் சொல்ல வேண்டுமா என்று நினைத்தேன். ஆனால் ஆலிமா முகத்தைத் துடைத்துவிட்டு, "மீம் போடுங்க மிஸ். போட்ட இடத்தில நிக்கிறன்" என்றார்.

மிஸ்ஸுக்கு வந்த சந்தோசத்தில் அந்த எழுத்தை ஒரு தாளில் எழுதிக் காட்டச் சொல்லி, சோக்கை எடுத்துக்கொண்டு நடைபாதைக்குப் போய்த் தரையில் குனிந்துவிட்டார். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். "மிஸ்! நிலத்தில போடாதீங்க, ஓதுற எழுத்தில கால் படப்படாது!" அவர் சோக்கைக் கீழே போட்டுவிட்டு, "ஐயோ முருகா, நல்ல காலம் சொன்னாய்" என்று நெஞ்சில் கை வைத்தார். பிறகு கடதாசியில் எழுதிச் சுவரில் கண் மட்டத்துக்கு ஒட்டினோம். அந்தக் கடதாசிகள் வந்தபிறகு ஆலிமா ஒரு அடி கூடுதலாக வைத்ததில்லை. பாண்டிருப்பிலிருந்து வந்த ஒரு பெரியவரும் இதென்ன என்று கேட்டுவிட்டு, "அப்ப நானும் மீமில நிக்கிறன்" என்று நின்று ஊதிக்கொண்டு போனார்.

நடை நாளுக்கு நாள் நன்றாகி வந்தது. பிறகு திடீரென்று ஒரு கிழமை சறுக்கத் தொடங்கியது. மெசினில் இலக்கம் இறங்கியது, கால் வீங்கியது, முதல் மீமுக்கே வர முடியவில்லை. மிஸ் ஜௌபரைத் திரும்பிப் பார்த்தார். "மாத்திரை எல்லாம் குடிக்கிறாவா?"

ஜௌபர் நிலத்தைப் பார்த்தார். குடிக்கவில்லை. ஒரு மாத்திரை முடிந்து சில நாளாயிற்று. அந்த மாத்திரை நுரையீரல் குழாயின் இறுக்கத்தைத் தளர்த்தும். அதே மருந்தைத்தான் ஆம்பிளைகளும் வேறொரு விசயத்துக்கு வாங்கிக் குடிப்பார்கள், ஊருக்கெல்லாம் தெரியும். சம்மாந்துறையில் வாங்கப் போனபோது கடைப் பையன் டொக்டர் எழுதிய துண்டைப் பார்த்துவிட்டுச் சிரித்து, "என்ன காக்கா, திருப்பியும் மாப்பிளையா?" என்று கேட்டானாம். அன்றிலிருந்து இந்த மனிசன் தன்னைத் தெரியாத இடமாக அக்கரைப்பற்று வரை போய் வாங்கி வந்திருக்கிறார். அறுவடைக் காலம், ஆலை இரவு பகலாக ஓடியது, போக நேரமில்லை. மாத்திரைகளை எண்ணிக் கையில் கொடுப்பவர் அவர்தான், வெட்கத்தில் பெண்சாதியிடமும் சொல்லவில்லை.

மிஸ்ஸின் குரல் இறங்கியது. "தம்பி, இதைத் திடீரெண்டு நிப்பாட்டினா அவ செத்துப்போவா. விளங்குதா?" என்றார். ஆலிமாவை டொக்டரிடம் ஒப்படைத்துவிட்டு, துண்டைப் பறித்துக்கொண்டு ரோட்டைக் கடந்து எதிரே இருந்த பார்மசிக்குப் போனார். பின்னால் ஜௌபர், அவருக்குப் பின்னால் நான். கடை நிறையச் சனம்.

"தம்பி, இந்த மாத்திரை இவர்ர மனுசிட நெஞ்சு வருத்தத்துக்கு. வயசு போனவங்களுக்கும் குடுக்கிறது, சின்னப் புள்ளைகளுக்கும் குடுக்கிறது. இனி இதை ஆரும் வந்து கேட்டு உனக்குச் சிரிப்பு வந்தா, உள்ளுக்குப் போய்ச் சிரிச்சிட்டு வந்து குடு."

கடைக்காரர் சிரிக்கவில்லை, மற்றவர்களும் சிரிக்கவில்லை. வெளியே வந்ததும் ஜௌபர், "முழு ஊருக்கும் கேட்டிரிக்கும் மிஸ்" என்றார். "கேக்கட்டும். இனி ஒரு புருசனும் அக்கரைப்பற்றுக்குப் போகத் தேவையில்ல" என்றார் மிஸ். அந்த மனிசனை நான் குறைத்து எழுதக்கூடாது. ஆலையில் நின்று களைத்து வந்து, தங்கள் பிள்ளைகளுக்கு ஆக்கி, உடுப்புத் தோய்த்து, பிறகு எங்கள் நடைபாதையில் வந்து தன் ஆணத்துக்குத் திட்டு வாங்கிக்கொண்டு நடந்த ஆம்பிளையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஆலிமா பழைய நிலைக்கு வர நாள் எடுத்தது. வந்தார். வருத்தம் மாறியதா என்று கேட்காதீர்கள், இது மாறிப்போகிற வருத்தமில்லை. ஆனால் தன் அறையிலிருந்து மண்டபத்துக்கு ஒருவரும் பிடிக்காமல் நடந்து வரும் காலும், எங்கே நிற்க வேண்டும் என்ற அறிவும் வந்தன. டொக்டர் கொஞ்ச நேரம் ஓதிக்கொடுத்துப் பார்க்கலாம் என்று சம்மதித்தார். மிஸ் மட்டும் "முதல் நாள் நாங்களும் வாறம்" என்றார்.

ஓட்டோவில் போனோம். மண்டபம் நிறையப் பாய். பாய் நிறைய வெள்ளை முக்காடு. சிவபாக்கியம் மிஸ் யாரும் சொல்லாமலே சேலைத் தலைப்பைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு பாயின் ஓரத்தில் இருந்தார். ஆலிமா கதிரையில் இருந்தார், நான் பக்கத்தில் இருந்து விரலில் மெசினைக் கொளுவினேன். அவருடைய கை குளிர்ந்து போயிருந்தது.

தொடங்கினார். அவர் ஒரு துண்டு ஓதுவார், பிள்ளைகள் அதைத் திருப்பி ஓதுவார்கள். பிள்ளைகள் ஓதும் நேரம் அவருக்கு ஓய்வு. நாங்கள் நடைபாதையில் பாடுபட்டுச் செய்ததும் இதுதானே என்று மிஸ் எனக்குக் கண்ணால் காட்டினார். நன்றாகத்தான் போனது. பிறகு ஒரு நீளமான ஆயத்து வந்தது. அதை முதலில் முழுதாக ஓதிக் காட்டித்தான் பிள்ளைகளுக்குக் கொடுப்பது வழக்கமாம்.

பாதியிலேயே எனக்கு விளங்கிவிட்டது, இந்த மூச்சு கடைசி வரைக்கும் போகாது. நிறுத்தும் இடம் இன்னும் தூரத்தில் இருந்தது. அவருடைய தோள் மெல்ல உயர்ந்தது. பழைய பழக்கம், பிடிக்கப் போகிறார். மெசினில் இலக்கம் ஒன்றொன்றாக இறங்கியது. வாய் திறந்து சொல்ல எனக்குப் பயம், அத்தனை பிள்ளைகளும் அவர் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மிஸ்ஸின் கை மடியிலிருந்து எழுந்து அந்தரத்தில் நின்றது.

ஆலிமா நிறுத்தினார், வசனத்தின் நட்ட நடுவில்.

முன்வரிசைப் பிள்ளையொன்று நிமிர்ந்து பார்த்தது. அந்தக் குரல் இப்படி ஓர் இடத்தில் நின்று அதுகள் கேட்டதேயில்லை. ஆலிமாவின் முகம் சிவந்து போனது. உதட்டைக் குவித்து ஊதினார். இரண்டு சொல் பின்னுக்குப் போய்த் தொடங்க வாயைத் திறந்தார், மூச்சு இன்னும் வரவில்லை. திரும்ப ஊதினார். கண் கலங்கியது.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு பிள்ளை, இரண்டு சொல் பின்னுக்குப் போய், மெல்ல ஓதத் தொடங்கியது. அதற்குப் பக்கத்தில் இருந்தது சேர்ந்தது. பிறகு அடுத்த வரிசை. முன்வரிசையும் சேர்ந்தது. எல்லாரும் சேர்ந்து அந்த வசனத்தை அவருடைய வாயிலிருந்து வாங்கி, முறியாமல், கருத்துக் கெடாமல், கடைசி வரை கொண்டுபோய் அடையாளம் போட்ட இடத்தில் நின்றார்கள். நின்றுவிட்டு ஆலிமாவைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

சிவபாக்கியம் மிஸ் அழுததை நான் கண்டது அன்றைக்குத்தான். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நாடியைப் பார் ஹாஜறா" என்றார். பார்த்தேன். நன்றாக இருந்தது. ஆலிமா இருந்த மூச்சையெல்லாம் வெளியே விட்டார். பிறகு அடுத்த ஆயத்தைத் தொடங்கினார்.